விழுந்தேன் என்று சொல்லாதவர்கள்

“போன ஒரு வருசத்துல எங்கயாவது விழுந்தீங்களா, பெரியம்மா?”

“நான் எதுக்குய்யா விழப்போறேன்?”

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோடும் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பெரியம்மாவின் வீடு. வயது 74. பெரியப்பா போனபின் தனியாகத்தான் இருக்கிறார். இடது முழங்கைக்குக் கீழே ஒரு கறுத்த தழும்பு. அதைப் பார்த்துத்தான் கேட்டேன். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டேன்.

“சரி, எங்கயாவது வழுக்குச்சா? காலு இடறுச்சா?”

“அது இல்லாமயா? ஐப்பசி மழையில முத்தத்துல பாசி புடிச்சுக் கெடந்துச்சு, வழுக்கிருச்சு. அப்புறம் பாத்ரூம்ல சேல காலுல சுத்தி, அப்படியே உக்காந்துட்டேன். பங்குனியில ஒருநா காலையில எந்திரிச்சதும் கெறக்கமா வந்துச்சு. செவுத்தப் புடிச்சேன், கை நிக்கல, கீழ உக்காந்துட்டேன். வேற ஒண்ணுமில்ல.”

மூன்று. ‘இல்லை’ என்ற பதிலுக்குள் மூன்று விழுகைகள் இருந்தன.

பெரியம்மா பொய் சொல்லவில்லை. நம் ஊர்ப் பேச்சில் வயதான ஒருவரைப் பற்றி ‘விழுந்துட்டா’ என்று சொன்னால் அதற்குப் பொருளே வேறு. படுக்கையில் விழுந்துவிட்டாள், இனி எழுந்து நடமாடப் போவதில்லை என்று பொருள். அந்தச் சொல்லை எந்தப் பெண் தன்மேல் ஏற்றிக்கொள்வாள்? அதனால் ‘வழுக்கிருச்சு’, ‘கால் பிசகிருச்சு’, ‘உக்காந்துட்டேன்’ என்று பக்கத்துச் சொற்களில் ஒதுங்கிக்கொள்கிறார்கள். மருத்துவர் ‘விழுந்தீங்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்கிறார்கள். மருத்துவரும் அடுத்த சீட்டைக் கூப்பிடுகிறார்.

அறிவியலுக்கும் இதே சிக்கல் இருந்தது. எதை விழுகை என்று எண்ணுவது? அடிபட்டால் மட்டுமா, எலும்பு முறிந்தால் மட்டுமா? 2005-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கூடி ஓர் எளிய வரையறைக்கு வந்தார்கள். ஒருவர் தான் எதிர்பாராமல் தரையிலோ தாழ்வான ஓரிடத்திலோ வந்து சேர்ந்துவிட்டால் அது விழுகை. அடிபட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ‘உக்காந்துட்டேன்’ என்பதும் விழுகைதான்.

இதை ஏன் இவ்வளவு கறாராக எண்ண வேண்டும்? ஒரு முறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு, விழாதவரைவிட அதிகம். அடிபடாமல் போன விழுகை, செலவில்லாமல் கிடைத்த எச்சரிக்கை. அதை ‘ஒண்ணுமில்ல’ என்று தள்ளிவிட்டால் அடுத்தது இடுப்பில் வந்து நிற்கலாம்.

ஓர் உலகக் கணக்கு

65 வயதைக் கடந்தவர்களில் 28 முதல் 35 சதவீதம் பேர் ஆண்டுதோறும் ஒரு முறையாவது விழுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. 70-க்கு மேல் அது 32 முதல் 42 சதவீதம். எல்லா வயதினரையும் சேர்த்தால், உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே.

விழுந்து இறப்பவர்களில் ஆண்கள் அதிகம். விழுந்து, உயிர் பிழைத்து, முறிந்த எலும்போடு வாழ்பவர்களில் பெண்கள் அதிகம். காரணம் உடலிலேயே இருக்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். அதுவரை எலும்பைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்ததும் அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரைகிறது. வெளியே தெரியாமல் உள்ளே செல்லரித்த உத்தரம்போல் ஆகிவிடுகிறது. தசையும் பெண்களுக்கு முதலிலிருந்தே குறைவு. ஆயுளோ ஆண்களைவிட அதிகம். ஆகவே கடைசிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளைப் பலர் தனியாக, மெலிந்த எலும்போடும் தளர்ந்த தொடையோடும் கழிக்கிறார்கள்.

60 வயதுப் பெண் விழும்போது கையை முன்னால் ஊன்றிவிடுகிறாள். மணிக்கட்டு முறிகிறது. 80 வயதில் கை நீள்வதற்குள் உடல் தரையைத் தொட்டுவிடுகிறது. பக்கவாட்டில் சாய்ந்து தொடையெலும்பின் கழுத்து முறிகிறது. விழுந்தவரின் ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் அவரைத் தூக்கி நடக்க வைத்துப் பார்க்கக் கூடாது. எண்ணெய்க் கட்டுக்கும் ஓடக் கூடாது. பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். அதையும் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும்.

தேரும் முட்டுக்கட்டையும்

நிற்பது என்பது எவ்வளவு பெரிய வேலை என்று ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரைப் பார்த்தால் புரியும். வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் பார்ப்போம். தேரை நேராகக் கொண்டுபோய் நிலைசேர்ப்பவர்கள், சக்கரத்தின் அருகே குனிந்தபடி ஓடும் முட்டுக்கட்டைக்காரர்கள். தேர் ஒரு பக்கம் ஒதுங்கத் தொடங்கிய அந்த நொடியில் சரியான சக்கரத்தில் கட்டையைச் செருக வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் தேர் வீட்டுத் திண்ணையை நோக்கிப் போய்விடும். அங்கே வலுவைவிட வேளைதான் முக்கியம்.

நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடல் முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற செய்தி மூளைக்கு மூன்று வழிகளில் வருகிறது. கண்கள் சுற்றுப்புறத்தைப் பார்த்துச் சொல்கின்றன. உள்காதின் அரைவட்டக் குழாய்களும் நுண்பைகளும் தலையின் சாய்வைச் சொல்கின்றன. பாதத்தின் தோலும் கணுக்கால் மூட்டும் தரையைச் சொல்கின்றன. மூன்றையும் ஒத்துப் பார்த்து, மூளை கணுக்காலுக்கும் தொடைக்கும் இடுப்புக்கும் கட்டளை போடுகிறது. தசைகள் முட்டுக்கட்டை போடுகின்றன.

வயதாகும்போது இதில் எதுவும் ஒரே நாளில் அறுந்துபோவதில்லை. புரை விழுந்து கண் மங்குகிறது. சர்க்கரை நோய் பாதத்தை மரத்துப்போகச் செய்கிறது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பவர்கள் உண்டு. தசை நார்கள், அதிலும் சட்டென்று இயங்கும் நார்கள், மெலிகின்றன. முதுகெலும்பு ஒன்றிரண்டு நசுங்கிக் கூன் விழுந்தால் உடலின் பாரம் முன்னுக்குப் போகிறது. கட்டை போடும் ஆளும் உண்டு, கட்டையும் உண்டு. ஆனால் ஒரு நொடி பிந்திவிடுகிறது.

விதி அல்ல, கூட்டல்

‘வயசானா விழத்தான் செய்வாங்க’ என்ற பேச்சுக்கு அறிவியலின் பதில் 1988-ல் வந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர் மேரி டினெட்டி, 75 வயதைக் கடந்து சொந்த வீட்டில் வாழும் 336 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார். 32 சதவீதம் பேர் ஒரு முறையாவது விழுந்தார்கள். முக்கியமான செய்தி அடுத்தது. தூக்க மாத்திரை, நினைவுத் தளர்ச்சி, காலில் வலுவின்மை, பாதக் கோளாறு, நடைத் தடுமாற்றம் போன்ற காரணிகள் ஒருவருக்கு எத்தனை உள்ளன என்று அவர் எண்ணினார். ஒன்றுமே இல்லாதவர்களில் விழுந்தவர்கள் 8 சதவீதம். நான்கோ அதற்கு மேலோ உள்ளவர்களில் 78 சதவீதம்.

எல்லோரும் முதியவர்கள்தான். எட்டுக்கும் எழுபத்தெட்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை வயது உண்டாக்கவில்லை. சின்னச் சின்னக் காரணங்களின் கூட்டுத்தொகை உண்டாக்கியது. கூட்டியதைக் கழிக்கவும் முடியும். 1994-ல் டினெட்டி குழு அதையும் செய்து காட்டியது. 301 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு ஆளுக்கு உள்ள காரணிகளைப் பார்த்து மாத்திரையைச் சீரமைத்தார்கள், உடற்பயிற்சி கொடுத்தார்கள், வீட்டை ஒழுங்கு செய்தார்கள். அவர்களில் 35 சதவீதம் பேர் விழுந்தார்கள். மற்ற பாதியில் 47 சதவீதம்.

ஆகவே அளவெடுப்பது என்றால் ‘இவர் விழுவாரா’ என்று குறி சொல்வது அல்ல. எதை எதைக் கழிக்கலாம் என்று கண்டுபிடிப்பது.

ஒரு நாற்காலி, பத்தடி தரை, ஒரு கடிகாரம்

உலக நாடுகளின் வல்லுநர்கள் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் மூன்று கேள்விகளில் தொடங்குகிறது. கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாற்றம் இருக்கிறதா? விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ வந்தாலும் மேற்கொண்டு பார்க்க வேண்டும். ஓராண்டில் இரண்டு முறையோ அதற்கு மேலோ விழுந்தாலும், விழுந்து அடிபட்டாலும், தானாக எழ முடியாமல் போனாலும், நினைவு தப்பி விழுந்தாலும் நேராக உயர் ஆபத்துப் பிரிவு. பெரியம்மாவின் மூன்று ‘ஒண்ணுமில்ல’க்களும் அவரை அந்தப் பிரிவில்தான் கொண்டுபோய் வைத்தன.

அன்று மாலை அவர் வீட்டுப் பட்டாசாலையில் ஒரு கைவைத்த நாற்காலியைப் போட்டேன். அதிலிருந்து 3 மீட்டர் தள்ளி, ஏறத்தாழ பத்தடியில், கோலமாவால் ஒரு கோடு கிழித்தேன். எழுந்து, வழக்கமான நடையில் கோடு வரை போய், திரும்பி வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான். 1986-ல் இங்கிலாந்தில் மத்தையாஸ், நாயக், ஐசக்ஸ் ஆகிய மூவர் இதைக் கண்ணால் பார்த்து மதிப்பிடும் சோதனையாக எழுதினார்கள். 1991-ல் கனடாவின் போட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும் அதில் கடிகாரத்தைச் சேர்த்தார்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை என்கிறது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம். 2022 வழிகாட்டுதல் 15 நொடியைத் தாண்டுவதை எல்லையாக வைக்கிறது.

கைக்கெட்டும் தூரத்தில் கூடவே நடந்தேன். தனியே ஒருவரை நடக்கவிட்டு இதைச் செய்யக் கூடாது. பெரியம்மாவுக்கு 17 நொடி ஆனது. நொடியைவிட அவர் செய்த விதம் அதிகம் சொன்னது. இரண்டு கையையும் ஊன்றி, முதல் முயற்சியில் எழ முடியாமல், இரண்டாவதில் எழுந்தார். எழுந்ததும் நடக்காமல் சற்று நின்றார். கோட்டில் திரும்ப ஆறேழு குட்டி எட்டுகள் வைத்தார். நடுவில், “உளுந்து ஊறப் போட்டீங்களா?” என்று கேட்டேன். நடையை நிறுத்திவிட்டு, “போட்டேன்யா” என்றார்.

அந்த நிறுத்தமும் ஓர் அளவுதான். 1997-ல் ஸ்வீடனில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் 58 பேருடன் நடந்தபடி பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பேசுவதற்காக நடையை நிறுத்தினார்கள். அடுத்த 6 மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்திருந்தார்கள். நடப்பதற்கே மனத்தின் முழுக் கவனமும் தேவைப்படுகிறவருக்குப் பேச மிச்சம் இருப்பதில்லை.

அடுத்தது கால் வலு. கையை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது? 65 முதல் 69 வயதுப் பெண்ணுக்கு 11, 70 முதல் 79 வரை 10, 80 முதல் 84 வரை 9. இதற்குக் குறைந்தால் தொடை தளர்ந்திருக்கிறது என்று பொருள். இந்த எண்கள் அமெரிக்க முதியவர்களை வைத்து வகுத்தவை. குள்ளமான, ஆயுளெல்லாம் தரையில் உட்கார்ந்து எழுந்த நம் பெண்களுக்கு அவற்றைத் தோராயமான அளவாக மட்டும் கொள்ளலாம். அவரவருடைய போன மாத எண்தான் நல்ல அளவுகோல்.

தரையில் உட்கார்ந்து எழுவதையே பிரேசில் நாட்டு மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோ ஒரு சோதனையாக்கியிருக்கிறார். உட்கார 5, எழ 5 என மொத்தம் 10 மதிப்பெண். கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் 1 குறையும். தள்ளாடினால் அரை குறையும். 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரை வைத்து 2012-ல் வெளியான ஆய்வில், 3-க்கு மேல் எடுக்க முடியாதவர்கள், 8-ஓ அதற்கு மேலோ எடுத்தவர்களைவிட இறக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் உள்ளவர்களாக இருந்தார்கள்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் இந்தச் சோதனை சொல்லாமலே நடக்கிறது. நாட்டின் பல மருத்துவமனைகளில் காயத்தைச் சுற்றும் பேண்டேஜ் துணி அங்கே விசைத்தறியில் நெய்யப்படுகிறது. ஒரு வீட்டுத் திண்ணையில் துணியை மடித்து அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டியைப் பார்த்தேன். கட்டு நிறைந்ததும் எழுந்து போய் வைத்துவிட்டு வந்து மறுபடி சம்மணமிட்டார். ஒவ்வொரு முறையும் வலது கை முழங்காலில் ஒரே ஓர் ஊன்றல். பத்துக்கு ஒன்பது. அவர் வேலையே அவருக்குப் பயிற்சி. ‘உங்களுக்கு எதுக்கு இந்த வேலை’ என்று உட்கார வைத்துவிட்டால் அந்த ஒன்பது எத்தனை மாதம் நிற்கும்?

படுத்து ஒரு முறை, நின்று ஒரு முறை

பெரியம்மாவின் பங்குனிக் கிறக்கத்துக்கு வருவோம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன்: மேலெண் 148. எழுந்து நிற்கச் சொல்லி முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்த்தேன்: 122. எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மேலெண் 20-ஓ கீழெண் 10-ஓ இறங்கினால், நிற்கும்போது மூளைக்கு ரத்தம் போதாமல் போகலாம் என்று பொருள். உட்கார வைத்து மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. பெரியம்மா சாப்பிடுவது பிரஷருக்கு ஒரு மாத்திரை, கால் வீக்கத்துக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த ஒரு நீர் மாத்திரை, இரவில் ஒரு தூக்க மாத்திரை. எதையும் நாமாக நிறுத்தக் கூடாது. எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோனோம். நீர் மாத்திரை நின்றது. தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார்.

கண்ணும் காத்திருக்கக் கூடாது. இங்கிலாந்தில் 70 வயதைக் கடந்த 306 பெண்களை வைத்து நடந்த சோதனை 2005-ல் வெளியானது. முதல் கண்ணின் புரையை உடனே எடுத்தவர்களிடம், காத்திருந்தவர்களைவிட விழுகை 34 சதவீதம் குறைந்தது. நல்ல கண் சிகிச்சை கிடைக்கும் மதுரை, பஸ் ஏறினால் இரண்டு மணி நேரப் பயணம்.

வீட்டையும் அளந்தோம். முற்றத்துப் பாசியைத் தேய்த்தோம். கழிவறையில் பிடித்தெழ ஒரு கம்பி. கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவெல்லாம் எரிய ஒரு சிறு விளக்கு. தேய்ந்த ரப்பர் செருப்புக்குப் பதில் பின்வார் வைத்த செருப்பு. சேலையை இரண்டு விரற்கடை தூக்கிக் கட்டச் சொன்னேன். அதற்குத்தான் நெடுநேரம் வாதாடினார்.

அடைத்து வைக்க அல்ல

‘ஏன் பெரியம்மா விழுந்ததச் சொல்லல?’ என்று கேட்டேன். “சொன்னா கோயிலுக்குப் போகாதன்னுவீங்க. வாசல்ல கோலம் போடாதன்னுவீங்க. மெட்ராசுக்குக் கூட்டிப்போயி ஒரு ரூம்புக்குள்ள உக்கார வச்சிருவீங்க.”

அவர் பயந்தது நியாயம். விழுந்த பெண்ணுக்கு நம் குடும்பங்கள் அன்போடு எழுதிக் கொடுக்கும் மருந்து அதுதான்: ‘அசையாம இரும்மா.’ அசையாமல் இருந்தால் தொடை மெலியும். தொடை மெலிந்தால் தடுமாற்றம் கூடும். தடுமாற்றம் கூடினால் பயம் வரும். பயந்தவர் இன்னும் அசையமாட்டார். ஒரு விழுகையால் ஆகாததை ஆறு மாத உட்காரல் செய்துவிடும்.

மாற்றுவழிக்குச் சான்று வலுவாக இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகளைத் திரட்டிய 2019-ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, உடற்பயிற்சி விழுகைகளை 23 சதவீதம் குறைக்கிறது. வெறும் நடை போதாது. நிலைகுலைவைச் சமாளிக்கப் பழக்கும் பயிற்சிகள் வேண்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, ஒரு பாதத்துக்கு நேர்முன்னே மறுபாதத்தை வைத்து நிற்பது, பக்கவாட்டில் நடப்பது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது. முட்டுக்கட்டைக்காரர்களுக்குத் தினமும் ஒத்திகை.

தமிழ்நாட்டில் இதற்கான ஆட்கள் ஏற்கெனவே தெருவில் நடமாடுகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்கப் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொடுக்கும் அந்தக் கையே, மூன்று கேள்வி கேட்டு, நிற்க வைத்து ஒரு முறை பிரஷர் பார்த்தால் போதும். ‘விழுந்தீங்களா?’ என்று கேட்டு நிறுத்திவிடாமல் ‘வழுக்குச்சா, இடறுச்சா, உக்காந்தீங்களா?’ என்றும் கேட்க வேண்டும்.

பெரியம்மா மூன்று மாதம் விடாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்தார். கோலமாக் கோட்டில் மறுபடி நடந்தபோது 13 நொடி. எழுந்தது முதல் முயற்சியிலேயே. ஆடிப்பூரத் தேரை வீதியோரம் நின்றே பார்த்தார்.

ஆவணியில் ஒரு காலை தொலைபேசி வந்தது.

“ஏய்யா, நேத்து விழுந்துட்டேன்.”

என் நெஞ்சு திடுக்கென்றது. அவர் நிதானமாகத் தொடர்ந்தார். “அடியெல்லாம் ஒண்ணும் இல்ல, நானாத்தான் எந்திரிச்சேன். ராத்திரி மூணு மணி. கரண்டு போயிருந்துச்சு, அந்தச் சின்ன விளக்கு எரியல. பாத்ரூம் படியில எடது காலு தட்டிருச்சு. கெறக்கம் இல்ல, தட்டுனதுதான். எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன். அன்று மாலையே, கரண்டு போனாலும் எரியும் ஒரு விளக்கை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.